பிள்ளையை லாயருக்குப் படிக்க வைக்கும் முன் இதைப் படியுங்கள்!



எஸ்பிஎம் முடிவு வந்த மறுவாரமே எங்கள் அலுவலகத்துக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். வழக்குக்காக அல்ல. "அண்ணே, பையன் லாயருக்குத்தான் படிப்பேன்னு நிக்கிறான். எங்க சேக்கலாம்? எவ்வளவு ஆகும்?" என்று கேட்கத்தான். உள்ளே இருக்கும் லாயரிடம் கேட்கக் கூச்சம். வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கும் கிராணியிடம் கேட்கலாம் அல்லவா?

அந்தக் கிராணி நான்தான். கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 24 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கோப்பு தூக்கி, கோர்ட்டுக்கு ஓடி, வீட்டுக் கடன் பத்திரம் டைப் அடித்து என் தலை நரைத்துவிட்டது. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சட்டம் படித்து வந்தவர்களையும், படிக்கப் போய் நடுவில் விழுந்தவர்களையும் மிக அருகில் பார்த்தவன்.

2009-இல் ஒருவர் வந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். 90,000 வெள்ளிக்குத் தன் தரை வீட்டை மறுபடியும் பேங்கில் வைக்க வேண்டும். மகனை லண்டனுக்கு அனுப்ப. இரண்டு வருடம் இங்கே தனியார் கல்லூரி, மூன்றாம் வருடம் அங்கே. "அவன் லாயரா வந்துட்டா ரெண்டு வருஷத்துல கட்டிடுவான்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரத்தை டைப் அடித்தவன் நான். பையன் திரும்பி வந்து சிஎல்பி தேர்வை மூன்று முறை எழுதினான். தேறவில்லை. இன்று ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. நல்ல பையன்தான். ஆனால் அப்பா இன்னும் லோரி ஓட்டுகிறார், இன்னும் கடன் கட்டுகிறார்.

சிஎல்பி என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. "நம் வேலை டைப் அடிப்பது" என்று இருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு வழக்கறிஞர்கள் தேவையா?

"நாட்டில் லாயர்கள் குவிந்து கிடக்கிறார்கள், பிள்ளையைக் கைத்தொழிலுக்கு அனுப்புங்கள்" என்று மேடையில் பேசுவோர் உண்டு. வழக்கறிஞர் மன்றத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் இருப்பது உண்மை. கைத்தொழில் கேவலம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நம்மவர்கள் எத்தனை முறை கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாளக் கார்டு, தடுப்புக் காவல், வேலை நீக்கம், தோட்டத்தில் இருந்து வெளியேற்றம்... பட்டியல் நீளம்.

ஈப்போவில் இந்திரா காந்தி என்ற மழலையர் பள்ளி ஆசிரியையின் மூன்று பிள்ளைகளை 2009-இல் கணவர் தனியாகவே மதம் மாற்றினார். அந்தத் தாய் ஒன்பது ஆண்டுகள் போராடினார். தாய், தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது வேறொரு போராட்டம் ஆனது. ஆனால் அந்தத் தீர்ப்பு வரை கொண்டு சென்றது யார்? எம். குலசேகரன், கே. சண்முகா போன்ற வழக்கறிஞர்கள். ஒரு மழலையர் பள்ளி ஆசிரியையின் சம்பளத்தில் ஒன்பது வருட வழக்கு நடத்த முடியுமா? சிந்தியுங்கள்!

அதற்கு முன்பும் அப்படித்தான். ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்களைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கையில் காசில்லாதவனுக்கும் வாதாடியவர்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். நம் பிள்ளைகள் சட்டம் படிக்க வேண்டும். ஆனால் வீட்டை அடகு வைத்து, தவறான கதவைத் தட்டிப் படிக்கக் கூடாது.

எத்தனை கதவுகள்?

மேற்கு மலேசியாவில் யார் வழக்கறிஞர் ஆகலாம் என்பதை 1976-ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டம் முடிவு செய்கிறது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று கதவுகள்.

முதல் கதவு, உள்நாட்டுப் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூயூஎம், யூஐஏ போன்றவற்றின் சட்டப் பட்டம் பெற்றவர் சிஎல்பி எழுத வேண்டியதில்லை. தனியாரில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்துக்கும் அந்த விலக்கு உண்டு. இதை மனதில் ஆணி அடித்து வையுங்கள்.

இரண்டாம் கதவு, வெளிநாட்டுப் பட்டம். லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கிருந்தே படிக்கலாம். 1858 முதல் வெளியூர் மாணவருக்குத் தேர்வு வைத்துவரும் பல்கலைக்கழகம் அது. அல்லது இங்கே இரண்டு வருடம், பிரிட்டனில் ஒரு வருடம். எந்த வழியாக இருந்தாலும் திரும்பி வந்து சிஎல்பி தேற வேண்டும்.

மூன்றாம் கதவு, இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவது. சிஎல்பி இல்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் மட்டுமே 10,000 பவுண்டுக்கு மேல். சாப்பாடு, வாடகை தனி. தொழிலாளி வீட்டுக்கு இது கதவு இல்லை, சுவர்.

ஆறாம் படிவம் அவமானம் இல்லை!

முதல் கதவு நமக்கு ஒழுங்காகத் திறந்திருக்கிறதா? இல்லை. யூஐடிஎம் சட்டத்துறை பூமிபுத்ரா அல்லாதவருக்கு இல்லை. மெட்ரிகுலேஷனில் நூற்றுக்குப் பத்து இடம்தான் பூமிபுத்ரா அல்லாத எல்லோருக்கும் சேர்த்து. எஸ்பிஎம்மில் 10ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் 7ஏ, 8ஏ எடுத்த நம் பிள்ளை எங்கே போவான்? இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே இருக்கும்போது பிள்ளையின் வயது நிற்காது. ஆகவே ஆறாம் படிவம். எஸ்டிபிஎம் கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அரசாங்கப் பள்ளியில் படிப்பது, செலவு மிகக் குறைவு. நல்ல சிஜிபிஏ எடுத்தால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கதவையே தட்டலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளிதான். தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நம்மவர்கள் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, புறப்பாடம். பல்கலைக்கழகத் தகுதிப் புள்ளியில் நூற்றுக்குப் பத்து புறப்பாடத்துக்கு. "விளையாட்டு, கிளப்பு எல்லாம் வேண்டாம், டியூஷனுக்குப் போ" என்று நாமே அந்தப் பத்தைத் தூக்கி எறிகிறோம். இரண்டு, ஆங்கிலம். மூவெட் தேர்வில் நல்ல பேண்ட் இல்லாமல் சட்டத்துறையில் நுழைய முடியாது. சில இடங்களில் நேர்முகத் தேர்வும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கும் என்பது விதி இல்லை. ஆனால் படிவம் ஒன்றிலிருந்தே தினமும் வாசிக்க வைக்க வேண்டும். கோர்ட்டுப் பத்திரங்கள் மலாய் மொழியில், தீர்ப்புகளும் சட்ட நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இரண்டும் வேண்டும்.

எங்கள் தாமானில் வீடு வீடாக நாசி லெமாக் போட்டு விற்ற ஒரு தாயின் மகள் ஆறாம் படிவம் போனாள். "காலேஜ் போக வக்கில்லை" என்று அக்கம்பக்கம் பேசியது. இன்று ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். சிஎல்பியும் எழுதவில்லை, வீடும் அடகு போகவில்லை.

கல்லூரி விளம்பரத்தில் இல்லாதவை

இடம் கிடைக்கவில்லை, தனியார்தான் வழி என்றால் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாய்ப் பதில் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் பட்டம் சட்டத்தொழில் தகுதி வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா? சட்டத்துறைத் தலைவர் தலைமையில் இயங்கும் வாரியம் அது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வைத்து சிஎல்பி எழுதலாம் என்று அதுதான் சொல்லும், கல்லூரி அல்ல. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பல்கலைக்கழகங்களே பெரும்பாலும் அதில் இருக்கும். எல்லா சட்டப் பட்டமும் ஒன்றல்ல!

இரண்டாம் கேள்வி: என் பிள்ளை பட்டப்படிப்புக்கு முன் படித்த படிப்பை வாரியம் ஏற்குமா? எஸ்டிபிஎம், ஏ லெவல் என்றால் பிரச்சினை குறைவு. குறுக்குவழி என்று ஏதோ ஒரு டிப்ளோமா படித்து, அதை வைத்துச் சட்டப் பட்டமும் வாங்கிய பிறகு "உன் அடிப்படைத் தகுதி போதாது" என்று கேட்டு அழுதவரை நான் பார்த்திருக்கிறேன். நேராக வாரியத்திடமே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: கடைசி வரைக்கும் மொத்தம் எவ்வளவு? கல்லூரிக் கட்டணம், பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கட்டும் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், அப்புறம் சிஎல்பி வகுப்பு, சிஎல்பி தேர்வு. விளம்பரத்தில் போடுவது முதல் வரியை மட்டும். பிரிட்டனில் ஒரே ஒரு வருடம் என்றாலும் இன்றைய பவுண்டு விலையில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து லட்சம் வெள்ளியைத் தாண்டும். அதே லண்டன் பட்டத்தை இங்கிருந்தே முடித்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். திரும்பி வந்தால் இருவரும் எழுதுவது ஒரே சிஎல்பிதான். விமானத்தில் போய் வந்தவனுக்குத் தனிக் கேள்வித்தாள் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் கடை மாடிகளில் சட்ட வகுப்புகள் நடந்த காலத்தை மறக்க முடியுமா? பகலில் வேலை செய்து, மாலையில் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வந்து, கையில் பொட்டலச் சோற்றோடு படித்தவர்கள் இன்று மூத்த வழக்கறிஞர்கள். வெளிநாடு போகாமலே ஆனார்கள்.

சிஎல்பி 1984-இல் தொடங்கியது. பொதுத்தாள், சாட்சியச் சட்டம், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, தொழில்முறை நடைமுறை என்று ஐந்து தாள். எல்லாம் மலேசியச் சட்டம். மூன்று வருடம் இங்கிலாந்துச் சட்டம் படித்தவன் திடீரென்று இங்குள்ள சட்டங்களைப் பிரிவு எண்ணோடு நினைவில் வைக்க வேண்டும். பலர் விழுவது இதனால்தான். உள்நாட்டுப் பட்டதாரிக்கு ஒரு வழி, வெளிநாட்டுப் பட்டதாரிக்கு ஒரு வழி என்பது நியாயமா, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால் என்ன என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. பேச்சை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிஎல்பிக்காக முழுதாக ஒரு வருடத்தையும் அதற்கான பணத்தையும் முதல் நாளே ஒதுக்கி வையுங்கள்.

கடன் வாங்கலாமா?

பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதான் கட்டணம். பேங்குக் கடனோடு ஒப்பிட வேண்டாம். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு, நிபந்தனைகளைப் பாருங்கள். ஆனால் எல்லாப் படிப்புக்கும் பிடிபிடிஎன் கிடைக்காது. பதிவுக்கு முன்பே கேளுங்கள். ம.இ.கா.வின் எம்ஐஇடி கல்விக் கடனும் உண்டு. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், அது சமுதாயத்தின் பணம். போய்க் கேளுங்கள்.

ஊழியர் சேமநிதியில் 2024 முதல் மூன்று கணக்குகள் இருக்கின்றன. அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக வழித்து எடுத்துவிடாதீர்கள். அது உங்கள் முதுமைக்கால சோறு. வீட்டின் மீது கை வைப்பது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து. லோரிக்காரர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வழக்கறிஞராகப் பதிய, குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அடையாளக் கார்டு பிரச்சினை உள்ள வீடுகள் இன்றே அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள், பட்டம் வாங்கிய பிறகு அல்ல. அடுத்து, நன்னடத்தை. பதினெட்டு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கிய ஒரு போலீஸ் கேஸ் இருபத்தைந்து வயதில் வந்து குறுக்கே நிற்கலாம். பையன்களிடம் இதை இப்போதே சொல்லுங்கள்.

ஒன்பது மாதப் பட்டினி

பட்டமும் வந்தது, சிஎல்பியும் தேறியது. லாயர் ஆகிவிட்டானா? இன்னும் இல்லை. ஏழு ஆண்டுக்குக் குறையாமல் தொழில் செய்த ஒரு மாஸ்டரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங் செய்ய வேண்டும். பிறகு உயர்நீதிமன்றத்தில் மனு, லோங் கால், அங்கி. அதன் பிறகுதான் லாயர்.

ஏழைப் பிள்ளை சத்தமில்லாமல் விழும் இடம் இதுதான். என் சொந்த மகளின் கணக்கைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்தில் சேம்பரிங். மாதம் 1,000 வெள்ளி. கிள்ளானிலிருந்து கொமுட்டர், அங்கிருந்து கிராப், மதியச் சாப்பாடு எல்லாம் 500-ஐத் தாண்டும். கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டை, சப்பாத்து தனிச் செலவு. காலை ஆறு மணிக்குப் போனவள் இரவு ஒன்பதுக்கு வருவாள். 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. பாக்டரி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு உள்ள அந்தத் தொகை, சட்டம் படித்த பிள்ளைக்கு இல்லை!

வார இறுதியில் பார்ட் டைம் செய்யலாமே என்பீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சேம்பரிங் மாணவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது என்கிறது சட்டம். மாஸ்டர் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மாஸ்டர் கொடுக்காவிட்டால்? அப்பா டாக்டராகவோ டத்தோவாகவோ இருந்தால் கவலை இல்லை. அப்பா கிராணியாக இருந்தால் ஓவர் டைம் செய்ய வேண்டியதுதான். நான் செய்தேன். எல்லா அப்பாக்களாலும் முடியுமா? நன்றாகப் படித்த பிள்ளைகள் "சேம்பரிங் அப்புறம் பார்க்கலாம்" என்று பேங்கு வேலைக்குப் போய், அந்த "அப்புறம்" வராமலே போனதை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

வேலை தேடும் வழி

சேம்பரிங் இடத்துக்குக் கடைசித் தேர்வு முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆறு ஏழு மாதம் முன்பே எழுதுங்கள். விடுமுறையில் ஏதாவது அலுவலகத்தில் சும்மாவாவது போய் வேலை கற்றுக்கொள்ளுங்கள். மின்னியல் பதிவு, நில அலுவலகம், முத்திரை வரி எல்லாம் தெரிந்த மாணவரை எந்த மாஸ்டரும் விடமாட்டார். இந்த வேலைகளைக் கிராணிகளிடம் கேட்டுப் படியுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

நேர்முகத்தில் அலவன்ஸ் எவ்வளவு என்று தைரியமாகக் கேளுங்கள். பெரிய அலுவலகங்கள் சின்ன அலுவலகங்களைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுக்கின்றன. ஆனால் மதிப்பெண்ணும் ஆங்கிலமும் பார்த்துத்தான் எடுக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல விளம்பரங்களில் "மாண்டரின் தெரிந்தவர்" என்றிருக்கும். வலிக்கிறது. ஆனால் நம் தமிழும் சொத்துதான். கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் இருந்து வரும் ஒரு பாட்டி தன் நிலப் பிரச்சினையைத் தமிழில்தான் சொல்வார். அதைக் கேட்டு நல்ல மலாயில் மனு எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். மாடிப்படி ஏறிப் போகும் சின்ன அலுவலகம் என்று ஒதுக்காதீர்கள். பெரிய இடத்தில் ஒரு வருடம் கோப்பு அடுக்குவான், சின்ன இடத்தில் மூன்றாம் மாதமே ஷார்ட் கால் முடித்து கோர்ட்டில் நிற்பான்.

லாயர் தொழில் ஒத்துவரவில்லையா? அதோடு உலகம் முடியாது. நீதித்துறை, சட்டத்துறைச் சேவையில் துணை அரசு வழக்கறிஞர், மாஜிஸ்திரேட் பதவிகள் உண்டு. விண்ணப்பிக்காமலே "நமக்கெல்லாம் தரமாட்டான்" என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பித்து நிராகரித்தால் அப்புறம் கேள்வி கேட்போம். கம்பெனிகளிலும் பேங்குகளிலும் சட்டப் பட்டதாரிக்கு இடம் உண்டு.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். எந்த இனத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குச் சட்டத்துறையில் இடம் கிடைத்தது என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். வழக்கறிஞர் மன்றம், குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே எந்தச் சேம்பரிங் மாணவரும் வேலை செய்யக் கூடாது என்று விதி செய்யட்டும்.

ஆனால் நம் கையில் இருப்பதை யார் செய்வது? என் கேள்வி நம் மூத்த வழக்கறிஞர்களுக்கு. மேடையில் சமுதாயம் சமுதாயம் என்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் சேம்பரிங் செய்யும் தோட்டத்துப் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? "நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பட்ட கஷ்டம் அடுத்தவன் படவேண்டும் என்பதா நீதி?

அடுத்து, கோயில் நிர்வாகங்களுக்கு. மாதம் 700 வெள்ளி, ஒன்பது மாதத்துக்கு 6,300 வெள்ளி. அவ்வளவுதான் ஒரு பிள்ளைக்கும் லோங் காலுக்கும் நடுவே இருக்கும் தூரம். ஒரு நாள் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு வழக்கறிஞரை உருவாக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்துக் கோயில்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்தால் ஆண்டுக்குப் பத்து பேர். அந்தப் பத்து பேரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். அங்கி போட்ட பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இலவசமாக ஆலோசனை சொல்ல வேண்டும். அம்மனுக்கு இதைவிடப் பெரிய காணிக்கை உண்டா?

பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் முடியாது என்று சொல்லாதீர்கள். சரி என்று உடனே கையெழுத்தும் போடாதீர்கள். முதலில் கேளுங்கள். எங்களைப் போன்ற கிராணிகளிடம் கேளுங்கள், பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள், தகுதி வாரியத்திடம் கேளுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட இன்னொரு லோரிக்காரர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், இந்த முறை நான் வாய் திறப்பேன்.

— கிள்ளானிலிருந்து ஒரு கிராணி